பல்லவராயர் இருவர்: உள்நாட்டுப் போரில் முன்னோரின் படைப்பணியைத் தேடும் முறை குறித்த ஒரு மதிப்பீடு (திருமழபாடி வட்டாரத்தை முன்வைத்து)

ஆய்வுச்சுருக்கம்

தம் முன்னோர் இன்ன போரில் இன்ன அரசனுக்காகப் பணிபுரிந்தனர் என்று நிறுவ முயலும் குலவரலாற்று எழுத்துகள் தமிழில் பெருகி வருகின்றன. அவை பெரும்பாலும் ஊர்ப்பெயர், பட்டப்பெயர், மெய்க்கீர்த்தி ஆகிய மூன்றையும் அடிப்படைச் சான்றாகக் கொள்கின்றன. இம்மூன்றும் தனிமனிதனின் படைப்பணியை நிறுவப் போதுமானவையல்ல என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. 12ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் அரசுரிமைப் போரைக் குறித்த பல்லவராயன்பேட்டை, ஆர்ப்பாக்கம், திருவாலங்காடு கல்வெட்டுகளையும் மகாவம்சத்தின் பிற்பகுதியையும் ஒப்பிட்டு, படைப்பணிக்கான நம்பத்தக்க சான்று புகழுரையில் அன்றி உரிமை வழங்கும் ஆவணத்திலேயே கிடைக்கிறது என்னும் கருத்தை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: திருமழபாடி, பல்லவராயன்பேட்டை, பாண்டியர் அரசுரிமைப் போர், பட்டப்பெயர், குலவரலாறு, உதிரப்பட்டி, கல்வெட்டுப்படி.

முன்னுரை

கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் அமைந்துள்ள ஊர் திருமழபாடி. தேவார மூவராலும் பாடப்பெற்ற வைத்தியநாதசுவாமி கோயில் இங்குள்ளது. இவ்வூரைச் சூழ்ந்த பகுதி சோழர் படை வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடையது. வடகிழக்கே கங்கைகொண்டசோழபுரம் இரண்டரை நூற்றாண்டுக்காலம் சோழர் தலைநகராய் விளங்கியது. அருகிலேயே பழுவேட்டரையர்களின் கீழப்பழுவூரும் மேலப்பழுவூரும் உள்ளன. பிற்காலத்தில் அரியலூர், உடையார்பாளையம் ஆகிய இரு பாளையங்கள் இங்கு நிலைபெற்றன. இத்தகைய பின்புலமுள்ள வட்டாரத்தில், தம் குடும்பம் படைமரபு உடையது என்னும் நம்பிக்கை பல குடும்பங்களில் வழங்குவது இயல்பே.

அந்நம்பிக்கையைச் சான்றுகளால் நிறுவ முற்படும்போதுதான் சிக்கல் எழுகிறது. வேற்றரசனோடு நிகழ்ந்த போரைவிட ஒரே அரசகுடிக்குள் நிகழ்ந்த போரைப் பற்றி ஆராய்வது கடினமானது. அங்கு இரு தரப்பாரும் ஒரே குடிப்பெயரையும் ஒரே இலச்சினையையும் உடையவர். வென்றவர் தம்மை உரிமையுடைய அரசர் என்றும் தோற்றவரைக் கலகக்காரர் என்றும் பதிவு செய்வர். ஒருவன் நேற்று ஆற்றிய படைப்பணி இன்று குற்றமாகிவிடக்கூடும். நலங்கிள்ளி, நெடுங்கிள்ளி ஆகிய இரு சோழரிடையே மூண்ட பகையைத் தணிக்கக் கோவூர்கிழார் பாடிய பாடல்கள் புறநானூற்றில் இடம்பெற்றிருப்பது, இத்தகைய போர் தனி வகையானது என்னும் உணர்வு தமிழில் தொன்மையானது என்பதைக் காட்டும். அப்பாடல்களில் அரசர் பெயர் உண்டு. புலவர் பெயர் உண்டு. முற்றுகைக்குள்ளும் வெளியிலும் நின்ற வீரர் எவர் பெயரும் இல்லை.

அரசனையும் தளபதியையும் கடந்து, குறிப்பிட்ட ஒருவரின் படைப்பணியை எவ்வகைச் சான்று கொண்டு நிறுவலாம் என்பதே இக்கட்டுரையின் வினா.

1. ஊர்ப்பெயரும் பட்டப்பெயரும் சான்றாகுமா?

குலவரலாற்று எழுத்துகளின் முதற்படி பெரும்பாலும் ஊர்ப்பெயராராய்ச்சியாக அமைகிறது. திருமழபாடி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. மழவர் என்போர் சங்கப்பாடல்களில் வேலேந்திய மறவராகக் காட்டப்படுகின்றனர். பாடி என்பதற்குப் படை தங்குமிடம் என்னும் பொருள் உண்டு. ஆகவே மழவர் பாடியே மழபாடியாயிற்று என்பர். மறுபுறம், இறைவன் மழு ஏந்தி ஆடிய தலமாதலால் மழுவாடி என்று தலபுராண மரபு விளக்கம் தருகிறது. மொழியியல் நோக்கில் முதல் விளக்கம் பொருத்தமாகத் தோன்றலாம். ஆயினும் அதனை ஏற்றுக்கொண்டாலும் ஒரு காலத்தில் மழவர் படை இங்குத் தங்கியிருந்தது என்பதற்கு மேல் எதுவும் பெறப்படாது. இன்று இவ்வூரில் வாழும் ஒரு குடும்பம் அப்படையின் வழிவந்தது என்பதற்கு ஊர்ப்பெயர் சான்றாகாது. படை பெயர்ந்து செல்லும். பெயர் மட்டுமே தங்கிவிடும்.

இரண்டாம் படி பட்டப்பெயர். அரியலூர்ப் பாளையக்காரர் மழவராயர் என்னும் பட்டம் தாங்கியவர்கள். உடையார்பாளையத்தார் 'காலாட்கள் தோழ உடையார்' என வழங்கப்பெற்றனர். காலாட்படையினரின் தோழர் என்று பொருள்படும் இப்பட்டம், படைமரபின் நினைவைத் தன்னகத்தே கொண்டது என்பதில் ஐயமில்லை. ஆனால் பட்டம் என்பது அரசு ஒருவருக்கு அளிப்பது. அது பிறப்பால் மட்டும் வருவதன்று. பல்லவராயர், மழவராயர், வாணாதிராயர், காலிங்கராயர் முதலான பட்டங்கள் சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் பல்வேறு ஊரினருக்கும் பல்வேறு குடியினருக்கும் உரியனவாகக் காணப்படுகின்றன. பல்லவராயர் என்ற பட்டம் பெற்றவர் பல்லவர் குலத்தவர் என்று முடிவுசெய்வது எவ்வளவு பொருந்தாதோ, அதே பட்டம் பெற்ற இருவர் ஒரே குடும்பத்தினர் என்று முடிவுசெய்வதும் அவ்வளவு பொருந்தாது.

மூன்றாவதாகப் புனைவின் செல்வாக்கையும் குறிப்பிட வேண்டும். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' வெளிவந்த பின்னர் பழுவேட்டரையர் என்னும் பெயர் தமிழ் வாசகர் அனைவரும் அறிந்ததாயிற்று. புனைவு வரலாற்று ஆர்வத்தைத் தூண்டுவது நன்றே. ஆனால் நாவலின் பாத்திரப் படைப்பிலிருந்து குடும்பத்தின் மூதாதையை மீட்டெடுக்கும் எழுத்துகள் ஆய்வு என்னும் பெயருக்கு உரியவையல்ல.

2. பாண்டியர் அரசுரிமைப் போர்: நான்கு சான்றுகள்

பெயர்களிலிருந்து ஆவணங்களுக்கு வருவோம். தமிழகத்து உள்நாட்டுப் போர்களுள் பல தரப்புச் சான்றுகள் ஒருங்கே கிடைப்பது 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிகழ்ந்த பாண்டியர் அரசுரிமைப் போருக்குத்தான். மதுரையிலிருந்த பராக்கிரம பாண்டியனைக் குலசேகர பாண்டியன் முற்றுகையிட்டான். பராக்கிரமன் இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் உதவியை நாடினான். இலங்கைப் படை வந்து சேருமுன் பராக்கிரம பாண்டியன் கொல்லப்பட்டான். தண்டநாயகன் இலங்காபுரன் தலைமையில் வந்த படை இராமேசுவரத்தைக் கைப்பற்றி முன்னேறி, கொல்லப்பட்டவனின் மகன் வீரபாண்டியனை மதுரையில் அரியணை ஏற்றியது. குலசேகரன் சோழரின் துணையை நாடினான். சோழநாட்டில் அப்போது ஆட்சியில் இருந்தவன் இரண்டாம் இராசாதிராசன்.

இப்போரைப் பற்றிய முதற்சான்று மகாவம்சத்தின் பிற்பகுதி. அதன் 76, 77ஆம் அதிகாரங்கள் இலங்காபுரனின் படையெடுப்பை விரிவாகக் கூறுகின்றன. அவன் வென்ற ஊர்கள், அடிபணிந்த தலைவர்கள், அனுப்பப்பட்ட சிறைப்பட்டோர் எனச் செய்திகள் அடுக்கப்படுகின்றன. வெற்றியோடு விவரிப்பு முடிந்துவிடுகிறது. சோழர் தலையிட்டதால் நேர்ந்த தோல்வி அங்கு இல்லை.

இரண்டாவது, காஞ்சிபுரம் பகுதியிலுள்ள ஆர்ப்பாக்கம் கல்வெட்டு. இலங்கைப் படை முன்னேறி வருவதைக் கேட்டு அஞ்சிய எதிரிலிசோழச் சம்புவராயன், உமாபதிதேவர் என்னும் ஞானசிவதேவரை வேண்டிக்கொள்கிறான். அவர் 28 நாள் வழிபாடு நிகழ்த்துகிறார். பின்னர்ப் பகைப்படை தோற்றோடிய செய்தி வருகிறது. வழிபாடு செய்தவருக்கு ஆர்ப்பாக்கம் கொடையாகிறது. போர்க்களத்திலிருந்து நெடுந்தொலைவில் இருந்தவர்களின் அச்சத்தைப் பதிவுசெய்யும் அரிய ஆவணம் இது.

மூன்றாவது, மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள பல்லவராயன்பேட்டையில் கிடைத்த, இராசாதிராசனின் 8ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. அவனது ஆட்சித் தொடக்கம் 1163 என்றோ 1166 என்றோ கொள்ளப்படுவதற்கேற்ப இதன் காலம் 1171 அல்லது 1174ஐ ஒட்டியதாகும். காரிகைக்குளத்தூரைச் சேர்ந்த குளத்துழான் திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பியான பல்லவராயர் இதன் நாயகர். இலங்கைப் படையை முறியடித்துத் தண்டநாயகர்களின் தலைகளை மதுரை வாயிலில் தைக்கச் செய்தவர் என இக்கல்வெட்டு அவரைக் கூறுகிறது.

நான்காவது, அதே அரசனின் 12ஆம் ஆட்சியாண்டுத் திருவாலங்காட்டுக் கல்வெட்டு. இதன் நாயகர் பழையனூரைச் சேர்ந்த வேதவனமுடையான் அம்மையப்பனான அண்ணன் பல்லவராயர். இலங்கை மன்னன் மீண்டும் படையெடுக்க முனைந்ததும், அவனுக்கு எதிராக அவன் மருமகன் சீவல்லவனைச் சோழர் பயன்படுத்தியதும், குலசேகரன் இலங்கையோடு மறைவாக உறவுகொண்டதும், அதனால் அவன் நீக்கப்பட்டு வீரபாண்டியன் அரியணை ஏற்றப்பட்டதும் இதில் கூறப்படுகின்றன.

மகாவம்சத்தை மட்டும் படிப்பவர் இலங்காபுரன் வென்றான் என்பர். பல்லவராயன்பேட்டையை மட்டும் படிப்பவர் அவன் தலை மதுரை வாயிலில் தைக்கப்பட்டது என்பர். இரண்டும் தத்தம் அரசவையின் குரல்களே. ஒரு தரப்பின் ஆவணத்தைக் கொண்டே முன்னோரின் வீரத்தை எழுதுபவர், மறுதரப்பு எங்கே மௌனம் காக்கிறது என்பதையும் கவனிக்கக் கடமைப்பட்டவர்.

3. பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டின் நோக்கம்

கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, தி. வை. சதாசிவப் பண்டாரத்தார் ஆகியோரின் சோழர் வரலாறுகள் இக்கல்வெட்டை முதன்மையாக இரு வினாக்களுக்கு விடைகாணப் பயன்படுத்தின. இரண்டாம் இராசராசனுக்குப் பின் ஆட்சி எவ்வாறு இராசாதிராசனிடம் சென்றது என்பது ஒன்று. பாண்டியப் போரின் நிகழ்ச்சிவரிசை எது என்பது மற்றொன்று. அரச வரலாறு எழுதுவோர்க்கு அவ்வாறு பயன்கொள்வது பொருத்தமே. ஆனால் முன்னோரின் பணியைத் தேடுபவர்க்கு இக்கல்வெட்டு வேறொரு வகையில் முதன்மையானது.

இக்கல்வெட்டு எழுந்தபோது பெருமானம்பிப் பல்லவராயர் உயிரோடு இல்லை. நோயுற்று இறந்துவிட்ட அவருடைய உறவினர்க்கு இறையிலியாக நிலம் வழங்குவதே ஆவணத்தின் நோக்கம். அவருடைய பணிகள் அக்கொடைக்கான காரணமாக வரிசைப்படுத்தப்படுகின்றன. இராசராசன் இறந்தபோது அரசனின் பிள்ளைகள் ஒன்றும் இரண்டுமான வயதுடைய குழந்தைகள். அவர்களைப் பல்லவராயர் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு சென்றார். அரசேற்கத் தகுந்தவரைத் தேடிக் கங்கைகொண்டசோழபுரத்தில் இருந்த விக்கிரமசோழனின் பேரனைத் தெரிந்தெடுத்து முடிசூட்டினார். பின்னர்ப் பாண்டிய நாட்டுப் போரை நடத்தினார். இவற்றைச் சொல்லிமுடித்த பின்னரே நிலவுரிமை பேசப்படுகிறது.

இந்த அமைப்பை மெய்க்கீர்த்தியோடு ஒப்பிடுதல் வேண்டும். மெய்க்கீர்த்தி எவருக்கும் எதையும் உடைமையாக்குவதில்லை. அரசனின் புகழைச் சொல்லுவதோடு அதன் பணி முடிகிறது. ஆகவே மிகைப்படுத்துவதால் எவருக்கும் இழப்பில்லை. உரிமை ஆவணம் அத்தகையதன்று. நிலம் கைமாறுகிறது, வரி நீங்குகிறது, ஊரார் அதனை ஏற்க வேண்டும், அரசு அலுவலர் பதிவுசெய்ய வேண்டும். எனவே பெறுபவர் யார், எந்த உறவால் பெறுகிறார், எந்தப் பணிக்காகப் பெறுகிறார் என்பன தெளிவாக இருந்தாக வேண்டும். இதிலும் மிகை இருக்கலாம். தலைகளைத் தைத்த செய்தியில் அது இருக்கக்கூடும். ஆனால் பெயர், ஊர், உறவு, உடைமை ஆகியவற்றில் மிகைக்கு இடம் குறைவு. முன்னோரைத் தேடுபவர்க்கு வேண்டியவையும் இந்நான்கே.

இவ்வியல்பு தளபதிகளுக்கு மட்டும் உரியதன்று. போரிலும் ஆநிரை மீட்டலிலும் உயிர்நீத்தவரின் குடும்பத்துக்கு வழங்கப்பட்ட நிலம் உதிரப்பட்டி, நெய்த்தோர்பட்டி என்னும் பெயர்களால் கல்வெட்டுகளில் சுட்டப்படுகிறது. நடுகல் வீரனின் உருவத்தைக் காட்டுகிறது. பட்டி அவன் விட்டுச்சென்றவர்களைக் காட்டுகிறது. குலவரலாறு எழுதுவோர் முன்னதை நாடுகின்றனர். குடும்பத் தொடர்ச்சியை அறிய உதவுவது பின்னதே.

4. பல்லவராயர் இருவர்: 'எந்தத் தரப்பு' என்னும் வினா

மேற்கண்ட கல்வெட்டுகள் ஒரு போரின் இரு கட்டங்களைக் குறிக்கின்றன. இரண்டிலும் சோழர் சார்பில் பணியாற்றியவர் பல்லவராயர் என்றே சுட்டப்படுகிறார். ஆனால் இருவரும் வெவ்வேறு மனிதர். ஒருவர் காரிகைக்குளத்தூரினர், மற்றவர் பழையனூரினர். ஒருவரின் இயற்பெயர் பெருமானம்பி. மற்றவரின் இயற்பெயர் அம்மையப்பன். முன்னவர் இறந்த பின் பணி பின்னவரிடம் செல்கிறது. அப்பணியோடு பட்டமும் தொடர்கிறது; குருதி உறவு தொடர்வதாகக் கல்வெட்டுகள் கூறவில்லை. பட்டத்தை மட்டும் பார்த்து இருவரையும் ஒருவராக்கினால் பணிவரலாறும் பிழைபடும், குடும்பவரலாறும் பிழைபடும். ஒரே போருக்குள், ஒரே அரசனின் கீழ், சில ஆண்டு இடைவெளியிலேயே இக்குழப்பம் நேரக்கூடுமெனில், எட்டு நூற்றாண்டுக்குப் பிற்பட்ட ஒரு குடும்பப்பட்டத்தைக் கொண்டு தொடர்பு கற்பிப்பது எவ்வளவு ஐயத்துக்குரியது என்பது விளங்கும்.

இன்னும் ஆழமான சிக்கல் தரப்பைப் பற்றியது. முதற்கட்டத்தில் சோழர் படை குலசேகரனுக்காக வீரபாண்டியன் தரப்பை எதிர்த்தது. இரண்டாம் கட்டத்தில் அதே சோழ அரசு குலசேகரனை நீக்கி வீரபாண்டியனை ஆதரித்தது. அடுத்து ஆட்சிக்கு வந்த மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் நிலை மீண்டும் மாறியது. வீரபாண்டியனை எதிர்த்து விக்கிரம பாண்டியன் மதுரையில் அமர்த்தப்பட்டான். இக்காலம் முழுவதும் சோழர் படையில் பணியாற்றிய வீரன் ஒருவன் தன் வாழ்நாளுக்குள்ளேயே வீரபாண்டியனை எதிர்த்தும், ஆதரித்தும், மீண்டும் எதிர்த்தும் போரிட்டிருப்பான். அவன் பேரன் 'என் பாட்டனார் எத்தரப்பில் நின்றார்' என்று கேட்டால், பாண்டியர் தரப்புகளுள் ஒன்றை விடையாகச் சொல்ல இயலாது.

இன்றைய குலவரலாற்று எழுத்துகள் உள்நாட்டுப் போரை நன்மைக்கும் தீமைக்கும் இடைப்பட்ட போராகக் காட்டி, தம் முன்னோரை முதற்றரப்பில் நிறுத்துகின்றன. சான்றுகளோ, படைப்பணி என்பது பெரும்பாலும் ஊதியமும் நிலமும் சார்ந்த கடப்பாடு என்பதையே உணர்த்துகின்றன. இதைச் சொல்வதால் முன்னோரின் பெருமை குறைவதில்லை. அவர்கள் எந்த நிலையில் வாழ்ந்தனர் என்பது தெளிவாகிறது.

5. பெயர் பெற்றவரும் பெயரற்றவரும்

தளபதியின் நிலை இவ்வாறிருக்க, அவன் கீழ்ப் போரிட்டவரின் பெயர் கிடைக்குமா? தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் இராசராசன் காலக் கல்வெட்டுகள் பல படைப்பிரிவுகளைப் பெயர் குறித்துச் சொல்கின்றன. ஆயினும் அப்படைகள் அங்கு இடம்பெறுவது போர்ச்செயலுக்காக அன்று. கோயில் அறக்கட்டளைப் பொறுப்புகளை ஏற்ற குழுக்களாகவே ஆகும். படைகளின் பெயர் உண்டு. படைவீரர் பட்டியல் இல்லை.

தனியொருவரின் பெயர் பெரும்பாலும் விளக்குக் கொடையில்தான் எட்டிப்பார்க்கிறது. கீழப்பழுவூரில் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று உள்ளது. பாண்டியரும் ஈழப்படையினரும் சோழரை எதிர்த்த வெள்ளூர்ப் போரில் பழுவேட்டரையன் கண்டன் அமுதன் பெற்ற வெற்றியைக் கருதி, அவன் படையைச் சேர்ந்த ஒருவன் கோயிலுக்கு விளக்கெரிக்க ஆடுகள் அளித்ததை அது கூறுகிறது. அது அரசுரிமைப் போரன்று. எனினும் திருமழபாடிக்கு அண்மையிலேயே ஒரு படைவீரனின் பணி எவ்வாறு பதிவாயிற்று என்பதற்கு அது நல்ல சான்று. ஒரு நந்தா விளக்குக்குப் பொதுவாக 90 அல்லது 96 ஆடுகள் வைக்கப்பட்டன. அவற்றைப் பெற்றவர் நாள்தோறும் நெய் அளக்கும் கடமையுடையவர். அக்கடமை நிலைக்க வேண்டுமெனில் கொடுத்தவர் பெயர் கல்லில் இருந்தாக வேண்டும். வீரன் பெயர் பிழைத்தது வீரத்தாலன்று, நெய்க்கணக்கால் எனலாம்.

திருமழபாடிக் கோயில் இவ்வுண்மைக்கு மற்றொரு பரிமாணம் சேர்க்கிறது. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் இக்கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதுப்பிக்க ஆணையிட்டான். பிரிக்கும் முன்னர் அதிலிருந்த கல்வெட்டுகள் புத்தகத்தில் படியெடுக்கப்பட்டன. பின்னர் முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவை மீண்டும் கல்லில் பொறிக்கப்பட்டன. ஆகவே இங்குள்ள பழங்கல்வெட்டுகளுள் சில கல்லிலிருந்து ஏட்டுக்கும், ஏட்டிலிருந்து கல்லுக்கும் சென்றவை. கோயில் நிருவாகம் இத்துணை முயற்சியெடுத்ததற்குக் காரணம் அவற்றில் அடங்கிய கொடைகள் நடைமுறையில் இருந்தமையே. ஓர் ஊரின் கல்வெட்டில் முன்னோரைத் தேடுபவர், எழுத்தமைதியைக் கொண்டே காலத்தை முடிவுசெய்யாமல், தம் முன் இருப்பது மூலமா படியா என்று முதலில் கேட்க வேண்டும் என்பதை இக்கோயில் கற்பிக்கிறது.

காலத்தால் நமக்கு நெருங்கிய போர்களில் நிலை மேம்பட்டிருக்கும் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆர்க்காட்டு நவாபு பதவிக்காகச் சந்தாசாகிபும் முகமது அலியும் மோதிய போரில், 1751ஆம் ஆண்டு இன்றைய பெரம்பலூர் மாவட்டத்து வாலிகண்டபுரம், இரஞ்சன்குடிப் பகுதி களமாயிற்று. பிரெஞ்சியரும் ஆங்கிலேயரும் ஆளுக்கொரு தரப்பை ஆதரித்தனர். 1763இல் ராபர்ட் ஓர்ம் வெளியிடத் தொடங்கிய போர்வரலாற்றில் ஐரோப்பிய அதிகாரிகள் பெயரோடு வருகின்றனர். இந்நாட்டுச் சிப்பாய்கள் பெரிதும் எண்ணிக்கையாகவே வருகின்றனர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, புதுச்சேரிக்கு வந்துசேர்ந்த செய்திகளையும் வதந்திகளையும் நாள்வாரியாகப் பதிகிறது. அதன் பார்வையும் தலைவர்கள் மேலதே.

அடுத்த கட்டத்தில் மெக்கன்சி தொகுப்பிலுள்ள பாளையக்காரர் கைபீதுகள் நமக்கு உதவக்கூடும். பாளையங்களின் உரிமைகள் கும்பினி ஆட்சியின் தீர்ப்புக்கு உட்பட்டிருந்த காலச்சூழலில் எழுதப்பட்டவை இவை. ஆதலால் 'எம் முன்னோர் இன்ன அரசர்க்குப் படைத்துணை புரிந்து இப்பாளையம் பெற்றனர்' என்னும் கூற்று அவற்றில் வெறும் நினைவன்று, உரிமை வாதம். அவ்வாதத்தைப் பொய்யென்று தள்ளுவதும் தவறு. மெய்யென்று அப்படியே கொள்வதும் தவறு. யாரிடம், எதைப் பெறுவதற்காகச் சொல்லப்பட்டது என்பதை இணைத்தே வாசிக்க வேண்டும்.

6. தோற்றவரின் சான்று

உரிமை ஆவணமே சிறந்த சான்று என்று கொண்டால் உடனே ஒரு மறுப்பு எழும். உரிமை வழங்குபவர் வென்றவரே. அவ்வாறாயின் தோற்ற தரப்பில் நின்றவருக்குச் சான்றே இல்லையா?

இதற்கு அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861–65) ஓர் ஒப்பீட்டைத் தருகிறது. வடபுலக் கூட்டரசு 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஊனமுற்ற வீரர்க்கும் இறந்தவரின் கைம்பெண்டிர்க்கும் ஓய்வூதியம் வழங்கியது. கணவனின் பணியையும் தன் திருமணத்தையும் மெய்ப்பிக்க அப்பெண்கள் அளித்த வாக்குமூலங்களே இன்று அந்நாட்டில் முன்னோரைத் தேடுவோர்க்குப் பெருஞ்செல்வமாக உள்ளன. தோற்ற தென்புல வீரர்க்குக் கூட்டரசு அவ்வுதவியை அளிக்கவில்லை. தென் மாநிலங்கள் தனித்தனியே பின்னர் வழங்கின. எனவே தோற்றவரைத் தேடுபவர் வேறோர் ஆவணக்காப்பகத்துக்குச் செல்ல வேண்டியுள்ளது. ஆவணம் இல்லை என்பதற்கும் அது வேறிடத்தில் உள்ளது என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இது உணர்த்துகிறது. குலசேகரனுக்காக நின்ற பாண்டிய நாட்டு வீரரைச் சோழர் கல்வெட்டில் தேடுவது பயனற்றது. பாண்டிய நாட்டு ஊர்க்கோயில்களின் நிலப்பதிவுகளில் தேடுவதே முறை.

நம் காலத்திலேயே இவ்வினா நோவு மிகுந்ததாய் நிற்கிறது. இலங்கையில் 2009இல் முடிவுற்ற போருக்குப் பின்னர், தோற்ற தரப்பினரின் துயிலும் இல்லங்கள் பல இடித்தழிக்கப்பட்டன. கல்லறையில் பொறித்த பெயரே பல குடும்பங்களுக்கு எஞ்சிய சான்றாக இருந்தது. காணாமற்போனோரின் உறவினர் தம்மிடமுள்ள ஒளிப்படங்களையும் கடிதங்களையும் ஏந்திப் பல்லாண்டாய் விடை கேட்டு வருகின்றனர். அப்போரைப் பற்றிய அரசியல் மதிப்பீடு எதுவாயினும், ஒருவர் எங்கே, எவ்வாறு இறந்தார் என்று அறியும் உரிமை அவர் குடும்பத்துக்கு உண்டு. பல்லவராயன்பேட்டைக் கல்வெட்டைச் சான்றியல் நோக்கில் வாசிப்பது பழமையாராய்ச்சியோடு முடிந்துவிடுவதன்று என்பதற்கு இது போதிய காரணம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழிப் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

• ஊர்ப்பெயரும் பட்டப்பெயரும் ஆய்வைத் தொடங்குவதற்கான குறிப்புகள் மட்டுமே. அவை வழித்தோன்றலை நிறுவா. ஒருவரை அடையாளம் காண ஊர், இயற்பெயர், பட்டம் ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்த வேண்டும். இரு பல்லவராயர்களும் இதற்குச் சான்று.

• புகழுரையைவிட உரிமை ஆவணம் நம்பத்தக்கது. ஆனால் அதனையும் யார் அளித்தார், யார் பெற்றார், ஏன் என்னும் வினாக்களோடு வாசிக்க வேண்டும்.

• உள்நாட்டுப் போரில் தரப்பு நிலையானதன்று. ஒரு கட்டத்தின் சான்றைக் கொண்டு ஒருவரின் முழுப் பணியையும் மதிப்பிடலாகாது. எதிர்த்தரப்பின் பதிவோடு ஒப்பிட்ட பின்னரே முடிவுக்கு வர வேண்டும்.

• கல்வெட்டு மூலமா படியா என்பதை அறிந்த பின்னரே அதன் சாட்சியத்தை மதிப்பிட வேண்டும். திருமழபாடிக் கல்வெட்டுகள் இதனை வலியுறுத்துகின்றன.

இம்முடிவுகள் குலவரலாறு எழுதும் ஆர்வத்தைக் குறைப்பதற்காகச் சொல்லப்பட்டவையல்ல. பெரும்பாலான குடும்பங்களின் முன்னோர் தளபதிகளாக இருந்திருக்க இயலாது. ஆடு கொடுத்து விளக்கேற்றியவர்களாகவும், பெயர் பதியப்படாத காலாட்களாகவுமே இருந்திருப்பர். தளபதியின் பட்டத்தை எடுத்துச் சூடிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும் அந்தக் காலாளை நாம் இரண்டாம் முறை மறக்கிறோம். திருமழபாடி, பழுவூர், கங்கைகொண்டசோழபுரம் வட்டாரக் கல்வெட்டுகளில் விளக்கு, நில, உதிரப்பட்டிக் கொடைகளில் வரும் தனிமனிதர் பெயர்களை ஊர், இயற்பெயர், பட்டம், உறவு என்னும் முறையில் அட்டவணைப்படுத்துவது உடனடியாக மேற்கொள்ளத்தக்க பணியாகும். அப்பணி நிறைவேறும்போது, மன்னர் வரலாற்றிலிருந்து மக்கள் வரலாற்றுக்குச் செல்ல உறுதியான ஒரு பாதை கிடைக்கும்.